கரண்ட் பில்லைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்: சக்தியைப் பற்றி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

"லைட்டை நூர்த்துட்டு வா மனே" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லாத வீடு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அபூர்வம். பிள்ளையும் ஒன்பது தடவை நூர்க்கும், பத்தாவது தடவை மறந்துவிட்டு ஓடும், பிறகு அதற்கு ஒரு ஏச்சு விழும். ஆனால் அந்தப் பல்பு இந்தக் காலத்து 9 வொட்ஸ் எல்.இ.டி. என்றால், விடிய விடியப் பத்து மணிநேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. காலையில் இரண்டு பேருக்குப் பிளேன்டீ ஊற்றுவதற்காக ஒன்றரை லீற்றர் கேத்தலை வாய்வரை நிரப்பிக் கொதிக்க வைக்கிறோமே, அதற்கு அதைவிடக் கூடப் போகிறது. இதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் பெரியவர்களுக்கும் தெரியாது.

ஆகவே இதில் போஸ்டர் கீறுவது, சுலோகம் எழுதுவது, "பூமியைக் காப்போம்" என்று பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்குவது எதுவும் இல்லை. பிள்ளை தானே எண்ணி, தானே அளந்து, தானே கொப்பியில் எழுத வேண்டும். ஒருமுறை அளந்து பார்த்த பிள்ளைக்கு ஏச்சுத் தேவைப்படாது, அது உங்களை ஏசத் தொடங்கிவிடும், அதற்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்கும் இது சரிவரும், சின்னவர்களுக்கு எது, பெரியவர்களுக்கு எது என்று அங்கங்கே சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாமல் ஒரு மாதத்துக்குப் பரத்தி விடுங்கள். பள்ளிக்கூட விடுமுறை என்றால் இன்னும் நல்லது.

வேண்டியவை: ஒரு கொப்பி, பென்சில், செக்கன் காட்டும் மணிக்கூடு அல்லது போன், கடைசி மூன்று நான்கு மாதத்துக் கரண்ட் பில். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை.

தொடங்க முன்னம் பாதுகாப்பு

நமது வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட், அது பெரியவரையும் கொல்லும். மீற்றரைப் பார்க்கலாம், எண்ணலாம், தொடக்கூடாது. பிளக் கழற்றுவது, கேத்தல், அயன் போடுவது எல்லாம் பெரியவர் வேலை, பிள்ளைக்கு எண்ணுகிற வேலையும் எழுதுகிற வேலையும். ஈரக்கையோடு சுவிட்சுக்குப் போகக்கூடாது என்பதைச் சொல்லிவிட்டு, ட்ரிப் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அது எப்போது தானாக விழும் என்பதையும் காட்டி வையுங்கள். மாரி காலத்தில் வெள்ளம் நிற்கும்போது கீழே தொங்கும் வயரைக் கண்டால் கிட்டப் போகாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும், பெரியவர் மின்சார சபையின் 1987க்கு அழைக்க வேண்டும்.

படுவான்கரைப் பக்கமும் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை) அம்பாறையின் உள்ளூர்களிலும் இருப்பவர்கள் யானை வேலியைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். முறையாகப் போட்ட யானை வேலியில் கரண்ட் விட்டு விட்டுத் துடிப்பாகத்தான் போகும், யானையை வெருட்டி அனுப்புவதுதான் அதன் வேலை. சிலர் வீட்டு லைனிலிருந்து நேரே கொழுவி விடுகிறார்கள், அது யானையையும் கொல்லும் ஆளையும் கொல்லும். பார்வைக்கு இரண்டும் ஒரே கம்பிதான், ஆகவே எந்த வேலியையும் தொடுவதில்லை என்பது மட்டுமே பிள்ளைக்குச் சட்டம்.

படி 1: பின்னோக்கிப் போகும் விளையாட்டு

இது சின்னவர்களுக்கு. எதையாவது அசைய வைக்க, சூடாக்க, வெளிச்சம் தர, சத்தம் போட வைக்கச் சக்தி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, வரைவிலக்கணத்தைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிடுங்கள். பிறகு கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றைக் காட்டி, "இதுக்குச் சக்தி எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டுக்கேட்டுப் பின்னுக்குப் போக வேண்டும். கடற்கரையில் பந்தடிக்கிற அண்ணாவுக்கு? சோற்றிலிருந்து. சோறு? நெல்லிலிருந்து. நெல்லுக்கு? வெயிலிலிருந்து. கருவாடு காய்வதும், றோட்டோரத்தில் படங்கு விரித்து நெல் காயப்போடுவதும், கொடியில் சட்டை உலர்வதும் எல்லாம் ஒரு சதக் கரண்ட் இல்லாமல் சூரியன் செய்கிற வேலை என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நான்கைந்து தடவை விளையாடினால் எந்தக் கேள்வியும் கடைசியில் சூரியனிலேயே போய் நிற்பது தெரிந்துவிடும், அந்த இடத்தில் அவர்களுக்கு வருகிற சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

கையால் செய்ய இரண்டு வேலை. ஒன்று, தென்னோலையில் காத்தாடி மடித்து ஈர்க்கிலில் குத்திக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடுவது. அப்பப்பா இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள், நம்மை விட நன்றாக மடிப்பார். அது சுற்றும்போது மன்னாரைப் பற்றிச் சொல்லலாம்: அங்கே தம்பபவனி என்ற காற்றாலைத் திட்டத்தில் 30 காற்றாடிகள் நின்று 100 மெகாவொட்ஸ் (ஒரு மெகாவொட்ஸ் என்றால் பத்து இலட்சம் வொட்ஸ்) அளவுக்குக் கரண்ட் எடுக்கின்றன, இதே காத்தாடியின் சுழற்சிதான் அங்கேயும்.

மற்றது இரண்டு வெற்று மீன்ரின். ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ற், மற்றதுக்கு வெள்ளை, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை முற்றத்து வெயிலில். பிறகு விரலை விட்டுப் பார்த்தால் போதும், கறுப்பு ரின்தான் சூடாக இருக்கும். காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீற்றரை இதற்குள் வைக்காதீர்கள், அது 42 பாகை செல்சியஸ் வரைக்குமானது, கண்ணாடி என்றால் உடைந்தே போகும்.

படி 2: நமது கரண்ட் எங்கேயிருந்து வருகிறது

கரண்ட் போஸ்டிலிருந்து வருகிறது என்று பிள்ளை சொல்லும். சரி, போஸ்டுக்கு எங்கேயிருந்து?

நமக்குக் கிட்ட இருக்கும் விடை இங்கினியாகல. கல்லோயா ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டடியில் ஒரு சின்ன மின்நிலையம் இருக்கிறது, ஏறத்தாழ 11 மெகாவொட்ஸ். அந்தக் குளம் கட்டியது முக்கியமாக வயலுக்காகத்தான், வயலுக்கு விடுகிற தண்ணீர் போகிற போக்கில் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகிறது. ஆகவே சம்மாந்துறை வயலுக்கு வாய்க்காலில் வந்து சேரும் தண்ணீர், வருகிற வழியில் யாருடைய வீட்டிலோ லைட்டையும் எரித்துவிட்டு வந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் போய்த் தூரத்தில் நின்றாவது காட்டிவிட்டு வாருங்கள். உயரத்தில் நிற்கும் தண்ணீரில் சக்தி இருக்கிறது என்று வகுப்பில் பத்து நாள் படிப்பதை அந்தக் கட்டில் நின்றால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லலாம். மலைநாட்டு நீர்த்தேக்கங்கள், விக்டோரியா மட்டும் 210 மெகாவொட்ஸ். புத்தளத்து நுரைச்சோலையில் நிலக்கரி எரிக்கும் நிலையம், 900 மெகாவொட்ஸ், நாட்டிலேயே பெரியது. எண்ணெய் எரிக்கும் நிலையங்கள், இவைதான் செலவு கூடியவை. அப்புறம் காற்று, சோலர். நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் டொலர் கொடுத்து வருபவை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள், பெற்றோல் செட்டில் நாட்கணக்காக லைன் நின்றது. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இது கதை, மூத்த பிள்ளைகளுக்கு நல்ல ஞாபகம் இருக்கும், அவர்களையே தம்பி தங்கைக்குச் சொல்ல விடுங்கள்.

குரங்குக் கதையை விட்டுவிடாதீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. ஆனால் ஒரு குரங்கால் நாடே இருட்டாவது எப்படி என்று பிள்ளை கேட்கும், அது அருமையான கேள்வி. கரண்டைக் குளம்போல் தேக்கி வைக்கும் வசதி நம் நாட்டில் பெரிதாக இல்லை. இந்தச் செக்கன் நாடு முழுக்க எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவை இந்தச் செக்கனே உற்பத்தி செய்ய வேண்டும். ஞாயிறு பகல் என்பதால் பாவனை குறைவு, கூரை சோலர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அப்படியான நேரத்தில் ஓரிடம் விழுந்தால் சமநிலை குலைந்து மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் நேரம் போட்டு வெட்ட வேண்டி வந்தது. இதைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை விளங்கிக்கொண்டால் படி 6 தானாகப் புரியும்.

படி 3: ஒரு யூனிட் என்றால் எவ்வளவு

பில்லில் "யூனிட்" என்று போட்டிருக்கிறது, அது எவ்வளவு பெரிது என்று யாருக்கும் கைக்குப் பிடிபடாது. 1000 வொட்ஸ் சாமான் ஒன்று ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று சொன்னால் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விடும்.

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நமது மணல் நிலத்துக் கிணறுகள் ஆழமில்லை, தண்ணீர் 3 மீற்றர் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லீற்றர் வாளியில் பிள்ளையை அள்ளச் சொல்லுங்கள் (சின்னப் பிள்ளை என்றால் நீங்களும் கயிற்றில் கை வையுங்கள்). ஐந்து வாளி அள்ளியதும் கை வலிக்கும். இப்போது கேளுங்கள்: ஒரு யூனிட் கரண்டில் இருக்கும் சக்தியை முழுதாகப் பாவித்தால் இப்படி எத்தனை வாளித் தண்ணீரை மேலே தூக்கலாம்? ஐம்பது என்பார்கள், நூறு என்பார்கள்.

விடை 12,000க்கும் மேல்.

பெரிய பிள்ளை கணக்கையே போடட்டும்: 10 கிலோ, புவியீர்ப்புக்கு 9.8, 3 மீற்றர், பெருக்கினால் 294 ஜூல் (சக்தியை அளக்கும் அலகு). ஒரு யூனிட் 3,600,000 ஜூல். வகுத்தால் 12,245 வரும். மோட்டரில் வீணாவதையெல்லாம் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று வைத்தாலும் நாலாயிரம் வாளி. ஐந்து வாளிக்கே கை வலித்த பிள்ளைக்கு இதற்குப் பிறகு யூனிட் என்ற சொல் வேறு மாதிரித்தான் கேட்கும். சக்தியைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல ஒரே ஒரு பாடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

படி 4: மீற்றர் மின்னுவதை எண்ணுதல்

இந்த வழிகாட்டியின் நடு இதுதான், இதற்கு ஒரு முழுச் சனிக்கிழமைக் காலை ஒதுக்குங்கள்.

இப்போதைய டிஜிட்டல் மீற்றர்களில் ஒரு சின்னச் சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னும். வீட்டில் எவ்வளவு கூட இழுக்கிறோமோ அவ்வளவு வேகமாக மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது மீற்றரின் முகத்திலேயே அச்சடித்திருக்கும், 1000, 1600, 3200 என்று மீற்றருக்கு மீற்றர் மாறும். கீழே உள்ள கணக்கு 1600 என்று எழுதிய மீற்றருக்கு. பழைய மீற்றர் என்றால் லைட்டுக்குப் பதிலாக ஒரு தட்டு சுற்றும், யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று அதிலும் எழுதியிருக்கும், முறை ஒன்றுதான்.

முதலில் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பிறிட்ஜ் உட்பட. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றும் பழுதாகாது, கதவைத் திறக்காமல் விட்டால் சரி. இப்போது ஒரு பிள்ளை மீற்றரடியில், இன்னொரு பிள்ளை அல்லது நீங்கள் வீட்டுக்குள், நடுவில் சத்தம் போட்டுச் சொல்ல ஒருவர். எல்லாம் நிறுத்தியும் மீற்றர் மின்னுகிறதா? மின்னினால் எதையோ மறந்துவிட்டீர்கள், தேடுங்கள். ரவுட்டரோ, ரிமோட்டால் மட்டும் நிறுத்திய ரிவியோ, பக்கத்து அறை சாஜரோ. இந்தத் தேடுதல் பிள்ளைகளுக்குக் கள்ளன் பிடிக்கிற விளையாட்டு மாதிரி, அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பிள்ளை பார்க்க வேண்டும். 2250ஐ (ஒரு யூனிட்டின் 3,600,000 ஜூலை 1600ஆல் வகுத்து வந்தது) அந்தச் செக்கனால் வகுத்தால் வொட்ஸ் வந்துவிடும். மீற்றரில் 3200 என்றிருந்தால் 1125ஐ வகுக்க வேண்டும், 1000 என்றால் 3600ஐ. வேகமாக மின்னினால் ஒரு நிமிடம் முழுக்க எண்ணி, 60ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். வகுத்தல் தெரியாத சின்னவர்கள் "மெதுவா, வேகமா" என்று எழுதினால் போதும்.

9 வொட்ஸ் பல்பு ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நாலு நிமிடத்துக்கு மேல் மீற்றர் சும்மா கிடக்கும். பிள்ளை "மீற்றர் பழுது" என்று கத்தும், பொறுக்கச் சொல்லுங்கள். மேலே சுற்றுகிற 75 வொட்ஸ் ஃபானுக்கு அரை நிமிடத்துக்கு ஒருதடவை. 1000 வொட்ஸ் அயனுக்கு இரண்டே கால் செக்கனுக்கு ஒருதடவை. 1800 வொட்ஸ் கேத்தலைப் போட்டால் ஒரு நிமிடத்தில் 48 தடவை, நாடித்துடிப்பு மாதிரி அடிக்கும். பல்புக்கும் கேத்தலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு நீங்கள் வேறெதுவும் விளக்கத் தேவையில்லை.

ஃபானை ஒன்றிலும் ஐந்திலும் வைத்து இரண்டு தடவை அளந்து பாருங்கள். புதிய எலெக்ட்ரோனிக் ரெகுலேட்டர் என்றால் வேகம் குறையக் கரண்டும் நன்றாகக் குறையும், பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் என்றால் அந்த அளவுக்குக் குறையாது, மிச்சம் பெட்டியின் சூடாகப் போகிறது. எது உங்கள் வீட்டில் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

படி 5: கொப்பியில் பட்டியல் போட்டு, எது பெரிய திருடன் என்று பார்த்தல்

வொட்ஸை ஒரு நாளைக்கு ஓடும் மணிநேரத்தால் பெருக்கி, 30ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் மாத யூனிட். உங்கள் வீட்டு இலக்கங்கள் வேறாக வரும், ஆனால் படம் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். 75 வொட்ஸ் ஃபான் நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் இருபத்திரண்டு யூனிட். நடுத்தர பிறிட்ஜுக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து. இரவு பகலாக எரியும் ரவுட்டருக்கு ஆறேழு. ஒரு எல்.இ.டி. பல்பு ஐந்து மணிநேரம் எரிந்தால் ஒன்றரைகூட வராது, அதே இடத்தில் பழைய 60 வொட்ஸ் குண்டு பல்பு என்றால் ஒன்பது. சும்மா சொருகிக் கிடக்கும் நல்ல போன் சாஜர் மாதம் முழுக்கக் கிடந்தாலும் ஒரு யூனிட்டை எட்டாது, அதற்காக வீட்டில் சண்டை பிடிப்பது வீண்.

இரண்டு சாமான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

தண்ணி மோட்டர். தாங்கி நிரம்பி வழிந்து முற்றத்தில் ஓடும்போதுதான் "ஐயோ மோட்டர்" என்று எழும்பி ஓடுவது நமது ஊர் வழக்கம். அரை குதிரை வலு மோட்டர் 500, 600 வொட்ஸ் இழுக்கும், நாளுக்கு இருபது நிமிடம் வீணாக ஓடினால் மாதம் ஐந்து யூனிட்டுக்கு மேல், தண்ணீரும் வீண். தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் என்று பிள்ளை ஒருதடவை அளந்துவிட்டு, இனிமேல் மோட்டர் போட்டதும் போனில் அலாரம் வைக்கிற பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். எட்டு வயதுப் பிள்ளையால் நிச்சயமாகச் செய்யக்கூடியது, செய்ததும் பலன் தெரிவது.

அயன். வெள்ளை யூனிபோர்மை ஒவ்வொரு நாள் காலையும் அவசரத்தில் ஒன்று ஒன்றாக அயன் பண்ணினால், ஒவ்வொரு நாளும் குளிர்ந்த அயனைச் சூடாக்குகிற செலவு தனி. வாரத்துக்கு ஒருநாள் ஐந்து சட்டையையும் ஒன்றாக அயன் பண்ணிக் கொழுவிவிட்டால் அது மிச்சம், கடைசிச் சட்டைக்கு வரும்போது சுவிட்சை நிறுத்திவிட்டு மிஞ்சிய சூட்டிலேயே முடிக்கலாம். பிள்ளையின் வேலை சட்டைகளைச் சேர்த்து, நன்றாக உதறி, மடிப்பு விழாமல் உலர்த்துவது.

பிறிட்ஜுக்குச் சின்னப் பரிசோதனை ஒன்று: கதவில் ஒரு தாளை வைத்து மூடிவிட்டு இழுத்துப் பார்ப்பது. இறுகப் பிடித்தால் றப்பர் நல்லது, வழுக்கி வந்தால் குளிர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கறியை ஆறவிட்டு வைப்பது, சுவரோடு ஒட்டி வைக்காமலிருப்பது என்பவை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

படி 6: எப்போது பாவிக்கிறோம் என்பது

மாலை 6.30 தொடக்கம் இரவு 10.30 வரைதான் நாட்டில் எல்லாரும் ஒன்றாகக் கரண்ட் இழுக்கிற நேரம். மின்சார சபையும் நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையில் இதைத்தான் உச்ச நேரமாக வைத்திருக்கிறது. சூரியன் இறங்கியதும் சோலர் நின்றுவிடும், அதே நேரம் எல்லா வீட்டிலும் லைட், ரிவி, றைஸ் குக்கர், அந்த இடைவெளியை நிரப்பத்தான் செலவு கூடிய எண்ணெய் நிலையங்களும் ஓட வேண்டி வருகிறது. பகலில் நிலைமை நேரெதிர். 2025 சித்திரை வருடப் பிறப்பு நாட்களில் பாவனை குறைந்து சோலர் கூடிப்போனதால், கூரை சோலர்காரர்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. சாதாரண வீட்டு பில்லில் நேரத்துக்குத் தக்க வித்தியாசம் வராது, யூனிட் யூனிட்தான். ஆனாலும் அயனையும் மோட்டரையும் பகலுக்கு மாற்றினால் நாட்டுக்கு இறக்கும் எண்ணெய் குறையும் என்று பிள்ளைக்குச் சொல்வது நியாயம். தனக்கு லாபம் வராத இடத்திலும் செய்வதா என்று பிள்ளை கேட்டால் பேசுங்கள், அந்தப் பேச்சை நான் எழுதித் தர முடியாது.

படி 7: குசினியும் காஸும்

காஸுக்கு மீற்றர் இல்லை, ஆகவே ஒரு துண்டுத் தாளில் சிலிண்டர் மாட்டிய திகதியை எழுதி அதன்மேல் ஒட்டுவது பிள்ளையின் வேலை. 12.5 கிலோ சிலிண்டர் இந்த முறை எத்தனை நாள் வந்தது, போன முறை எத்தனை நாள் என்று கொப்பியில் ஏறட்டும். பெரியவர் அடுப்பில் நிற்க, பிள்ளை மணிக்கூட்டோடு நின்று ஒரே அளவு தண்ணீரை மூடி போட்டும் போடாமலும் கொதிக்க வைத்துப் பார்க்கலாம். கடலையையும் பயறையும் இரவே ஊறப் போட்டால் எவ்வளவு நேரம் குறைகிறது என்பதும் இப்படியே. கேத்தலில் தேவையான கோப்பை அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவது எல்லாவற்றிலும் இலேசானது: ஒரு லீற்றர் கொதிக்க ஏறத்தாழ பத்தில் ஒரு யூனிட், நாளுக்கு மூன்று லீற்றர் கூடுதலாகக் கொதித்தால் மாதம் ஒன்பது யூனிட். வெந்த சோற்றை றைஸ் குக்கரின் "வோர்ம்"இல் பின்னேரம் வரை விடுகிற பழக்கத்தையும் மீற்றரில் ஒருதடவை அளந்து காட்டுங்கள்.

வாகனத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஒரு லீற்றர் பெற்றோலில் ஒன்பது யூனிட்டுக்கு மேல் சக்தி இருக்கிறது, நமது நிலமோ மேடு பள்ளமில்லாத சமதரை, கடைக்கும் ரியூசனுக்கும் சைக்கிள் போதும் என்பது பிள்ளைக்கே விளங்கும்.

படி 8: பில்லை வாசித்தல்

இப்போது பில்லை எடுங்கள். முந்தின வாசிப்பு, இந்த வாசிப்பு, இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள், எத்தனை யூனிட். பிள்ளை கழித்துப் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போடட்டும். யூனிட்டை நாளால் வகுத்து நாளொன்றுக்கு எவ்வளவு என்று எழுதட்டும், ஏனென்றால் சில மாதம் நாட்கள் கூடிக் குறையும்.

வீட்டுக் கட்டணத்தில் விலைகள் அடிக்கடி மாறும், அமைப்பை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: கூடக் கூட யூனிட்டின் விலையும் கூடும். முக்கியமான கோடு 60. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் மலிவான விலை. 60ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, முதல் 60க்கும் சேர்த்துக் கூடிய விலை போடுவார்கள், நிலையான மாதக் கட்டணமும் ஏறும். அதற்கு மேலே 90, 120, 180 என்று அடுத்தடுத்த படிகள். உங்கள் வீடு 64, 65 என்று நிற்கிற வீடு என்றால் பிள்ளையின் மோட்டர் அலாரம் ஒன்றே உங்களை இந்தப் பக்கம் இழுத்து விடும். 130 நிற்கிற வீட்டில் 60ஐ இலக்காக வைத்தால் பிள்ளை ஒரு வாரத்தில் மனம் விட்டுவிடும், அங்கே 120தான் முதல் இலக்கு.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் மீற்றர் வாசிப்பை எழுதி, வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதல் வாரம் ஒன்றும் மாற்றாமல் எழுதுவது. இரண்டாவது வாரம் மோட்டர், மூன்றாவது கேத்தல், நாலாவது அயன் என்று போனால் எதனால் குறைந்தது என்று தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் பில் குறையலாம், பிள்ளை படிக்கிறது ஒன்றுமிருக்காது. மிச்சம் பிடித்த காசில் பாதியைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்வேன், இதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, உழைத்ததற்குத்தானே கூலி.

செய்யக்கூடாதவை

அம்மம்மாவின் ஃபானில் கை வைக்கக்கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரவு ஃபான் இல்லாமல் நித்திரை வராது, வயசானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அந்த வெக்கை ஆபத்தே. தேவைக்குப் பாவிப்பது வீண் இல்லை என்பதையும், யாரும் இல்லாத அறையில் சுற்றுவதுதான் வீண் என்பதையும் பிள்ளைக்கு முதல் நாளே பிரித்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சில பிள்ளைகள் ஆர்வத்தில் வீட்டையே வேக வைத்துவிடும். படிக்கிற மேசை லைட்டும் அப்படித்தான், ஓ/எல் படிக்கிற அக்காவின் லைட்டைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற 9 வொட்ஸ் யாருக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டில் ஏசி இருக்கிறது, அவர்கள் மோசம் என்ற பேச்சும் வேண்டாம், பிள்ளை அதை அப்படியே போய் அந்த வீட்டில் சொல்லும்.

கடைசியாக ஒப்பிடுகிற முறை. ஆவணியில் தொடங்கிக் கார்த்திகையில் பில் குறைந்தால் அது உங்கள் கெட்டித்தனம் இல்லை, மாரி தொடங்கியதால் ஃபான் நின்றதுதான். ஆகவே இந்த வருட ஆவணியைப் போன வருட ஆவணியோடு வைத்துப் பாருங்கள், பழைய பில்களைக் கேட்டது இதற்காகத்தான். வெளிநாட்டிலிருந்து மாமா குடும்பம் வந்து நின்ற மாதம், ஸஹருக்கு எழும்பிச் சமைத்த நோன்பு மாதம், கோயில் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள் நின்ற மாதம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பிள்ளை ஒரு குறிப்பு எழுதி வைக்கட்டும். நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும் என்பதால் அந்த மாதத்தை மட்டும் இங்கிலிஸ் மாதப்படி பார்க்காமல் நோன்போடு நோன்பு ஒப்பிட வேண்டும்.